வெறியை ஒழிப்பதா? வறியோரை ஒறுப்பதா?

பெயர் பிழைத்தால் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் செயல் பிழைக்கும். இது மொழிக்கு மட்டும் உரிய நெறியன்று. நாடாளும் சட்டத்திற்கும் உரிய நெறியே. 1985ஆம் ஆண்டில் தில்லி நாடாளுமன்றம் இயற்றி, அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்குக் கொணர்ந்த வெறிப்பொருள் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்க. நாளிதழ்கள் ‘போதைப்பொருள்’ என்றெழுதுவதை அச்சட்டம் ‘நார்க்காட்டிக்கு’ என்கிறது. கிரேக்க மொழியில் மரமரப்பைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அது. அபினி உடலை மரமரக்கச் செய்யும். எனவே அப்பெயர் அபினிக்குப் பொருந்தும். ஆனால், கோக்கா இலையினின்று எடுக்கும் கொக்கெயின் முறுக்கேற்றும், உறக்கத்தை ஓட்டும். கஞ்சாவோ இவ்விரண்டினும் வேறான தன்மையது. மூன்றையும் ஒரே சொற்பைக்குள் திணித்து, ஒரே முத்திரையிட்டு, ஒரே கோலால் அடிக்கும்படி விட்டனர். கள்ளென்றும், நறவென்றும், தேறலென்றும், உண்டபின் வரும் நிலைகளைக் களிப்பென்றும், மயக்கமென்றும், வெறியென்றும் பிரித்துப் பிரித்துப் பெயரிட்ட மொழியைப் பேசும் மக்கள்மேல், வேறுபாடறியாத இச்சட்டம் நாற்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறது.

வெறிப்பொருள் தீது. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமே இல்லை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர்க்கு வேறொருவர் வந்து அதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இங்கு எழும் வினா வேறு. அத்தீமையைத் தடுப்பதற்கென்று உலக வல்லரசுகள் வகுத்த வழி, தீமையைக் குறைத்ததா? அன்றி, வடிவம் மாற்றி வளர்த்ததா? அதற்கான விலையை யார் கொடுக்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காண வியன்னாவுக்கோ செனீவாவுக்கோ செல்ல வேண்டா. தண்டையார்பேட்டைக்குச் சென்றாற் போதும்.

தொண்டிக்கு அணித்தாகிய ஊரினின்று வந்து தங்கிய குணங்குடி மசுதான் சாகிபைத் ‘தொண்டியார்’ என மக்கள் அழைத்தமையால் தொண்டியார்பேட்டையாகி, பின்னர்த் தண்டையார்பேட்டை எனத் திரிந்தது அவ்வூர்ப்பெயர் என்பர். இன்று அவ்வூரின் ஒருபுறம் காசிமேட்டு மீன்துறை. ஒருபுறம் எண்ணெய்க் கிடங்குகள். நடுவே கொருக்குப்பேட்டை வழியாக வடக்கே செல்லும் இருப்புப் பாதை. கிழக்கே துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் பெட்டகச் சரக்குந்துகள். மூட்டை சுமப்போரும், வலையிழுப்போரும், உந்து ஓட்டுவோரும், ஒப்பந்தக் கூலிகளாக ஆலைகளில் இரவுப்பணி பார்ப்போரும் வாழும் மண் அது. உடல்வலி அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உறுப்பினர் போல் உடன்வாழ்கிறது. வலியுள்ள இடத்தில் வலிமறப்பு விலைபோகும். இவ்வெளிய உண்மையை அறியாதவரே அம்மக்களின் வெறிப்பழக்கத்திற்கு ஒழுக்கக்கேடு என்னும் ஒரே சொல்லால் விடையிறுப்பர்.

முதலில் இச்சட்டத்தின் பிறப்பைக் காண்போர் வியப்படைவர். இன்று உலகிற்கு வெறிவிலக்கு ஓதும் மேலை வல்லரசுகளே நேற்று உலகிற்கு வெறி விற்றவை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி கங்கைச் சமவெளி உழவரைக் கசகசா பயிரிட வைத்தது; அபினியைக் கல்கத்தாவில் ஏலமிட்டது; சீனத்துக்குள் கள்ளத்தனமாய்ப் புகவிட்டது. சீனப் பேரரசு அதைத் தடுத்தபோது, 1839 முதல் 1842 வரையிலும், மீண்டும் 1856 முதல் 1860 வரையிலும் படைகொண்டு தாக்கி, நஞ்சு விற்கும் உரிமையைப் பீரங்கியால் நிலைநாட்டியது ஆங்கில அரசு. சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் பெரும்பகுதி அபினி வரியாகவே பல்லாண்டு இருந்தது. அங்கே சென்ற சீனக் கூலிக்கு அபினியும், தோட்டத்துத் தமிழ்க் கூலிக்குக் கள்ளுக்கடையும் எனப் பங்கிட்டுக் கொடுத்து, கொடுத்த கூலியை மறுகையால் பறித்துக்கொண்டனர் வெள்ளையர்.

அக்காலத்திலும் உண்மையை ஆய்ந்து சொன்னோர் இல்லாமலில்லை. 1893இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆய்வுக்குழு 1,193 சான்றாளர்களைக் கேட்டு, 1894இல் பல மடலங்களில் அறிக்கை தந்தது. அளவான பழக்கத்தால் பெருங்கேடு விளைவதாகச் சான்றில்லை. அளவிறந்த பழக்கமே கேடு. முற்றத் தடுத்தால் மக்கள் அதனினும் கொடிய பொருள்களுக்குத் திரும்பக்கூடும். எனவே வரியாலும் இசைவு முறையாலும் அடக்கி வைப்பதே தக்கது என்பதே அக்குழுவின் முடிபு. அடிமைநாட்டு வருவாயைக் காக்கும் எண்ணமும் அம்முடிபில் கலந்திருக்கலாம். ஆயினும், ‘கொடிய பொருளுக்குத் திரும்பக்கூடும்’ என்ற எச்சரிக்கை, நூற்றாண்டு கடந்து தண்டையார்பேட்டைத் தெருக்களில் மெய்யாகியிருக்கிறது.

பின்னர்க் காற்று திசைமாறியது. 1909இல் சாங்காயிலும், 1912இல் ஏகிலும், 1925இல் செனீவாவிலும் கூடிய மாநாடுகள் வழியாகத் தடைநெறி வளர்ந்தது. 1961ஆம் ஆண்டின் ஒன்றிய நாடுகள் உடன்படிக்கை அதன் முடிமணி. மருத்துவம் சாராத கஞ்சாப் பழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் ஒழித்துவிட வேண்டுமென அது தவணை குறித்தது. 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. எனவே, தவணை 1989இல் முடியும். 1971இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் வெறிப்பொருளுக்கு எதிராகப் ‘போர்’ முழக்கமிட்டார். இராசீவ் காந்தி ஆட்சியில் தில்லி இயற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் அத்தவணைக்கும் அம்முழக்கத்திற்கும் கொடுத்த விடையேயன்றித் தமிழ்நாட்டு ஊர்களின் நிலையையோ வடசென்னைத் தெருக்களின் நோயையோ கண்டறிந்து எழுதிய மருந்துச்சீட்டன்று.

இங்கே தமிழர் ஊன்றி நோக்கவேண்டிய ஓர் அரசியல் உண்மை உண்டு. இந்திய அரசியல் சட்டத்தின்படி பொதுநலவாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது. குடிவகைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. அபினி, கஞ்சா ஆகியவற்றின்மீது ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையுங்கூட மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் 253ஆம் உறுப்பு, வெளிநாடுகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக எப்பொருள்பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. வியன்னாவில் தில்லி கையெழுத்திட்டால், தண்டையார்பேட்டையில் தமிழன் சிறைபுக வேண்டும். இடையே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை ஒரு சொல் கேட்கவேண்டியதில்லை! இதுவே இந்தியக் கூட்டாட்சியின் உண்மை முகம்.

இனி, அடித்த அடி எங்கே விழுந்தது என்று பார்ப்போம். தடையின் முதல் இயல்பு, பொருளின் செறிவைக் கூட்டுவது. கள்ளத்தில் கடத்துவோனுக்கு வேண்டுவது சிறிய பொதியும் பெரிய விலையும். மணம் வீசும் மூட்டையைவிட மணமற்ற பொடி நன்று. பொடியைவிடச் சட்டைப்பைக்குள் அடங்கும் வில்லை நன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆங்காங்கிலும், 1959இல் தாய்லாந்திலும் அபினி புகைப்பதைத் தடுத்தனர். அபினிக் குழாய் மறைந்தது. அதன் இடத்தில் எரோயின் வந்தமர்ந்தது. கிழவர் புகைத்த பொருள் போய் இளைஞர் ஊசியில் ஏற்றும் பொருள் வந்தது. இதை ஒன்றிய நாடுகளின் வெறிப்பொருள் அலுவலகமே மறைக்கவில்லை. 2008இல் அவ்வலுவலகத்தின் தலைவர் எழுதிய அறிக்கையில், தடைநெறியின் எதிர்பாரா விளைவுகள் என ஐந்து எண்ணப்பட்டன. பெருங்கள்ளச் சந்தை தோன்றியமை. நலவாழ்வுக்குரிய பணம் காவலுக்குச் சென்றமை. ஓரிடத்தில் ஒடுக்கினால் மற்றோரிடத்தில் முளைத்தமை. ஒரு பொருளை ஒடுக்கினால் மற்றொரு பொருள் முளைத்தமை. வெறிநோயுற்றோர் குமுகாயத்தினின்று ஒதுக்கப்பட்டமை. மருத்துவனே தன் மருந்து தீங்கு செய்கிறது என்று ஒப்புக்கொண்ட பின்னும், அதே மருந்தை அதே அளவில் ஊட்டுவது எவ்வகை மருத்துவம்?

இவ்வைந்தையும் வடசென்னையில் வரிசையாகக் காணலாம். 1980களில் சென்னைத் தெருக்களுக்கு வந்த பழுப்பு எரோயினைப் புகைத்தே இழுத்தனர். 1990களின் தொடக்கத்தில் அது கிடைப்பதரிதாகி விலையேறவே, மருந்துக்கடையில் மலிவாய்க் கிடைத்த புப்பிரநார்பின் என்னும் வலிநீக்கியை ஊசியில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினர். புகை ஊசியாயிற்று; ஒருவன் ஊசியை ஒன்பதின்மர் பகிர்ந்தனர். இந்தியாவில் எய்ட்சு நோய்க்கூறு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையிலேதான். புகைத்தவன் தன் நுரையீரலை மட்டும் கெடுத்திருப்பான். ஊசியேற்றியவனோ தன் குருதியையும், தன் மனைவியின் குருதியையும் கெடுத்துக்கொண்டான். 2000த்தை அடுத்த ஆண்டுகளில் சென்னையில் ஊசியேற்றிக்கொள்வோரிடையே செய்த ஆய்வுகள், அவர்களுள் நால்வர்க்கு ஒருவர்க்குக் குறையாமல் அந்நோய்க்கூறு இருந்ததைக் காட்டின. பொருளைத் துரத்தினோர் நோயை வரவேற்றுக் குடியேற்றினர்.

அண்மை ஆண்டுகளில் அதே கதை மீண்டும் நடக்கிறது. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, தொடர்வண்டியிலும் சரக்குந்திலும் வடக்கு வாயில் வழியாகவே சென்னைக்குள் நுழைகிறது. 2021இல் ஆந்திரக் காவல்துறை விசாகப்பட்டின மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான குறுக்கம் கஞ்சாப் பயிரை அழித்தது. அவ்வாண்டு திசம்பரில் தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ தொடங்கிப் பின்னும் பலமுறை நடத்தியது. வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் சிக்கினர். ஆனால் அதே ஆண்டுகளில், தப்பெண்டடால் போன்ற வலிநீக்கி மாத்திரைகளை வடமாநிலங்களிலிருந்து தூதஞ்சலில் தருவித்து, நீரில் கரைத்து, ஊசியில் ஏற்றும் கொடும் பழக்கம் வடசென்னை இளைஞரிடையே பரவியது. விழுங்குவதற்கென ஆக்கிய மாத்திரையின் கரையாத் துகள்கள் குருதிக்குழாயை அடைக்கும், கை அழுகும், நுரையீரல் கெடும், உயிரும் போகும். இளைஞர் இறந்த செய்திகளும் வந்தன. கஞ்சா வேட்டையே இதற்கு ஒற்றைக் கரணியம் என்று கூறிவிட முடியாது. மாத்திரையின் மலிவும், மருந்து வாணிகரின் பேராசையும் உடன்நின்றன. ஆனால், இலையைத் துரத்திய காவல்துறை மாத்திரை வருவதை முன்னறியவில்லை என்பதும், நூறாண்டுக்கு முன்னரே எழுதிவைத்த எச்சரிக்கையைப் புரட்டிப் பார்ப்பாரில்லை என்பதும் மறுக்கவொண்ணாதவை.

இரண்டாவது கேடு இதனினும் நெஞ்சைச் சுடுவது. அபினியினின்றே மார்பீன் என்னும் வலிநீக்கி கிடைக்கிறது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு அதற்கிணையான எளிய, மலிவான மருந்து இன்றும் அரிது. உலகில் அபினிப் பாலைச் சட்டப்படி ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று வடபுல மாநிலங்களில் அரசின் இசைவோடு கசகசா விளைகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. அவ்வாறிருந்தும் 1985இல் 716 கிலோவாக இருந்த இந்திய மருத்துவ மார்பீன் பயன்பாடு, 1997இல் 18 கிலோவாகச் சரிந்தது! சட்டத்தின் பத்தாண்டுச் சிறையை அஞ்சி மருத்துவர் எழுத மறுத்தனர்; நாலைந்து இசைவுச்சீட்டுகளை ஒரே நேரத்தில் பெறவேண்டிய தொல்லையை அஞ்சி மருத்துவமனைகள் வாங்க மறுத்தன; கடைகள் விற்க மறுத்தன. கள்ளக் கடத்துவோன் எந்த இசைவுச்சீட்டுக்கும் காத்திருக்கவில்லை. காத்திருந்தவர் புற்றுநோயாளர், காத்திருந்தபடியே கதறிக் கதறி இறந்தனர்.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையா மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதி, ஒரே இசைவு என்றாயிற்று. நன்றே, ஆனால் முப்பதாண்டு மறதியை ஒரு திருத்தம் போக்கிவிடாது. மார்பீனைக் கையாளப் பயிலாமலே ஒரு தலைமுறை மருத்துவர் படித்து வெளிவந்துவிட்டனர். 2017இல் இலான்செட்டு மருத்துவ இதழ் அமைத்த ஆய்வுக்குழு, உலகில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 298.5 தொன் அபினிவழி வலிநீக்கிகளில் வறிய நாடுகளுக்குச் செல்வது 0.1 தொன்னே என்று கணக்கிட்டது. இந்தியாவிற்குக் கிடைப்பது தேவையில் நூற்றுக்கு நான்கு பங்கே. அமெரிக்கச் செல்வனுக்கோ தேவைக்கு மேல் பன்மடங்கு! அங்கே மருந்துக் குழுமங்களின் பேராசையால் வலிநீக்கி வெள்ளமாய்ப் பாய்ந்து மக்களைக் கொன்றது. இங்கே அச்சத்தால் ஒரு துளியும் வாராமல் மக்கள் துடித்தனர். ஒரே உலகச் சட்டத்தின் கீழ் ஒருபுறம் வெள்ளமும் ஒருபுறம் வறட்சியும்!

‘மார்பீனைத் திறந்துவிட்டால் அது தெருவுக்கு வந்துவிடாதா?’ என்று வினவுவோர்க்குச் சேரநாடு விடையிறுக்கிறது. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய நோவுதணிப்பு இயக்கம், மக்கள் துணையோடு சிற்றூர்தோறும் பரவியது. வீட்டிற்கே மார்பீன் கொடுத்தனுப்பப்பட்ட 1,700க்கு மேற்பட்ட நோயாளரை ஈராண்டு ஆராய்ந்தபோது, மருந்து கள்ளவழி சென்றதாக ஒரு நிகழ்வும் காணப்படவில்லை என்று 2001இல் அறிஞர் எழுதினர். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. பக்கத்து வீட்டில் எரியும் விளக்கைப் பார்த்தேனும் தமிழ்நாடு தன் வீட்டு இருளை நீக்கிக்கொள்ள வேண்டாவா?

மூன்றாவது கேடு கடல்கடந்த தமிழர் கழுத்தில் விழுந்தது. சிங்கப்பூர்ச் சட்டம் 15 கிராமுக்கு மேல் எரோயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் தூக்கு என்கிறது. 2022 ஏப்பிரலில், 42.72 கிராம் எரோயின் கொண்டுவந்ததற்காக, அறிவுத்திறன் குறைந்தவர் என்று உலகெங்கும் முறையிடப்பட்ட மலேசியத் தமிழிளைஞர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். 2023 ஏப்பிரலில், 1,017.9 கிராம் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தையாயிருந்தார் என்னும் குற்றத்திற்காக மற்றொரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சா! தண்டையார்பேட்டையில் அவ்வளவு, அஃதாவது ஒரு கிலோ வரை, ‘சிற்றளவு’. அதற்கு மிகுதியான ஒறுப்பு ஓராண்டுச் சிறை. கனடாவிலோ 2018 முதல் அரசின் இசைவோடு கடையில் வைத்து விற்கிறார்கள். ஒரே செடி, ஓரிடத்தில் வணிகம், ஓரிடத்தில் சிறை, ஓரிடத்தில் தூக்குக்கயிறு. அபினி வரியால் வளர்ந்த நகரம் இன்று ஏழைத் தமிழனைத் தூக்கிலேற்றித் தன் தூய்மையைப் பறைசாற்றுகிறது. தூக்கேறுவோர் பெரும்பாலும் பொதி சுமந்தவர். பொதியின் உடையவர் அல்லர்.

இந்தியச் சட்டத்திலும் 1989 முதல் இரண்டாம் முறைக் குற்றத்திற்குக் கட்டாயத் தூக்கு இருந்தது. 2011இல் பம்பாய் உயர்நெறி மன்றம் ‘கட்டாயம்’ என்பதைச் செல்லாதென்றது. 2014இல் நாடாளுமன்றமும் திருத்தியது. அம்மட்டில் நன்று. ஆயினும், பெருமளவுக் குற்றச்சாட்டுகளில் பிணை கிடைப்பதை ஏறத்தாழ அடைத்துவிடும் 37ஆம் பிரிவு இன்றும் உள்ளது. பணமுள்ள பெருவணிகன் சிறந்த வழக்கறிஞரை அமர்த்துவான். அவன் சரக்கைச் சில நூறு உருபாவிற்குச் சுமந்த கூலியாள் புழல் சிறையில் ஆண்டுகளை எண்ணுவான்.

மொழியுரிமை பற்றிய ஒன்றும் இங்கே உண்டு. அச்சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒருவன் உடலைத் துழாவுமுன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையிலோ நடுவர் முன்னிலையிலோ அது நடைபெற வேண்டுமெனக் கேட்கும் உரிமையை அவனுக்கு அளிக்கிறது. அவ்வுரிமையை அவனுக்கு அறிவித்தே தீரவேண்டுமென 1999இல் உச்ச மன்றம் தீர்ப்பளித்தது. அறிவிப்பது எம்மொழியில்? எழுத்தறியாத சுமைதூக்கியின் கையில் அவனறியா மொழியில் ஒரு தாளைக் கொடுத்துக் கைரேகை பெறுவது அறிவிப்பாகுமா? சட்டத்தின் மூலம் ஆங்கிலத்திலும் இந்தியிலும். சென்னை உயர்நெறி மன்றத்தின் மொழி ஆங்கிலம். அங்கே தமிழ் வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய தீர்மானத்தைத் தில்லி ஏற்கவில்லை. வடபுல மாநிலங்கள் நான்கில் மட்டும் இந்திக்கு அவ்வுரிமை உண்டு. தன் உயிரையும் விடுதலையையும் பற்றிய வழக்கைத் தன் மொழியில் கேட்கவியலாதவன் தன் நாட்டில் வாழ்பவனா, பிறன் நாட்டில் வாழ்பவனா?

இவ்வளவும் நடக்கும் நாட்டில் தமிழ்நாட்டரசின் கை தூயதா என்றால், அதுவுமில்லை. 1937இல் சேலத்தில் தொடங்கி, 1948இல் மாநிலம் முழுதும் பரவிய குடிவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடுக்கப்பட்டன. ஆனால் ஆலையில் வடித்த அயற்குடி தடுக்கப்படவில்லை. 2003 முதல் அரசே சில்லறைக்கடை வைத்து அதை விற்கிறது. 2023–24இல் மட்டும் அதனால் வந்த வருவாய் 45,000 கோடி உருபாவிற்கு மேல். பனையேறியின் கள்ளுக்குச் சிறை. ஆலைமுதலாளியின் கடுங்குடிக்கு அரசுக் கடை! மெல்லியதை விலக்கி வல்லியதை வளர்க்கும் அதே கோணல் இங்கும் உண்டு. கடைக் குடியை வாங்கவியலாத ஏழை கள்ளச்சாராயத்திற்குச் சென்று, 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த நஞ்சைக் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019இல் நடுவணரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி குடிப்போர் 16 கோடி; கஞ்சா வகை பயன்படுத்துவோர் 3 கோடிக்குச் சற்று மேல். பெருந்தீயை விலைக்கு விற்றுக்கொண்டே சிறு தீயை அணைக்கப் படையனுப்பும் அரசின் அறவுரையை இளைஞர் எங்ஙனம் ஏற்பர்?

தடைநெறியின் கோட்டை உலகிலும் விரிசல் கண்டுவிட்டது. 2001இல் போர்த்துகல், தன் பயன்பாட்டுக்கான சிற்றளவைக் குற்றப்பட்டியலினின்று நீக்கி, பிடிபட்டோரை மருத்துவத்திடம் அனுப்பியது. ஊசிவழி எய்ட்சு பெரிதும் தணிந்தது. உருகுவை 2013இலும், கனடா 2018இலும், செருமனி 2024இலும் கஞ்சாத் தடையைத் தளர்த்தின. 2020 திசம்பர் 2ஆம் நாள் வியன்னாவில், கஞ்சாவை மிகக் கொடியவற்றின் பட்டியலினின்று நீக்க 27 நாடுகள் ஒப்ப, 25 நாடுகள் மறுத்தன. ஒப்பிய 27இல் இந்தியாவும் ஒன்று! வியன்னாவில் கைதூக்கிய தில்லி, வீட்டில் கஞ்சா பற்றிய சட்டவிதியை மாற்றவில்லை.

ஆயினும், மேலைநாடு செய்வதெல்லாம் மேன்மையென்று தமிழர் பின்செல்ல வேண்டா. நேற்று அவர்கள் தடுக்கச் சொன்னபோது கண்மூடித் தடுத்ததும் பிழை. இன்று அவர்கள் விற்கும்போது கண்மூடி விற்பதும் பிழை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020இல் ஒறுப்பை நீக்கிற்று. மருத்துவ ஏற்பாட்டை உரிய காலத்தில் கட்டவில்லை. தெருக்கள் சீர்கெடவே 2024இல் மீண்டும் ஒறுப்பைக் கொணர்ந்தது. போர்த்துகல் மருத்துவத்தைக் கட்டிவிட்டுச் சிறைக்கதவைத் திறந்தது; ஓரிகன் கதவைத் திறந்துவிட்டு மருத்துவத்தைத் தேடியது. கஞ்சாவைக் கடைச்சரக்காக்கிவிட்டால் அதுவும் நாளை மற்றோர் அரசுக் கடையாகி, ஏழையின் கூலியை உறிஞ்சும். எனவே வேண்டுவது விற்பனை உரிமையன்று. நோயாளனுக்கு மருத்துவ உரிமை.

அதற்கு வழி என்ன? முதலாவது, சொல்லைத் திருத்துக. ‘போதை அடிமை’ என்னும் சொல்லைக் காவல்நிலையமும் நாளிதழும் கைவிட்டு, ‘வெறிநோயாளர்’ என்று சொல்லட்டும். அடிமையென்றால் இகழத் தோன்றும்; நோயாளர் என்றால் மருந்து தேடத் தோன்றும். இரண்டாவது, சட்டத்திலேயே உறங்கும் நல்ல பகுதியை எழுப்புக. தானே முன்வந்து மருத்துவம் பெறும் நோயாளருக்கு வழக்கினின்று விலக்களிக்கும் 64ஏ பிரிவை எத்தனை காவல்நிலையங்கள் கையாளுகின்றன? தமிழ்நாட்டரசு நினைத்தால், தில்லியின் இசைவை எதிர்பாராமலே, அப்பிரிவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு நிலையத்தின் வாயிலிலும் தொங்கவிடலாம். மூன்றாவது, மருத்துவத்தை மக்களிடம் கொண்டுசெல்க. எய்ட்சுக் கட்டுப்பாட்டு அமைப்பு வழங்கும் மாற்றுமருந்து முறையில், முன்பு ஊசியில் கொன்ற அதே புப்பிரநார்பின், மேற்பார்வையில் நாவின்கீழ் வைக்கும் வில்லையாக உயிர்காக்கிறது. ஒரு பொருள் நஞ்சாவதும் மருந்தாவதும் கொடுக்கும் கையைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையும், இராயபுரத்தையடுத்த சுட்டான்லி மருத்துவமனையும் இருக்கும் இடத்தில், அம்மருந்து விடியற்காலையிலும் பணிமுடிந்த மாலையிலும் கிடைக்க வேண்டும். பகலில் மட்டும் திறந்திருக்கும் மருத்துவம் கூலியாளுக்கு மூடியிருக்கும் மருத்துவமே. நான்காவது, மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் மார்பீனும், அதைக் கையாளப் பயின்ற மருத்துவரும், நோயாளரின் வீடுதேடிச் செல்லும் செவிலியரும் இருத்தல் வேண்டும். ஐந்தாவது, வலிநீக்கி மாத்திரைகளைக் கணக்கின்றி அனுப்பும் மொத்த வாணிகரையும் ஆலைகளையும் பிடித்தல் வேண்டும். பத்து மாத்திரை வைத்திருந்த சிறுவனைப் பிடித்துப் படமெடுத்து வெளியிடுவது வீரமாகாது. பத்தாயிரம் மாத்திரை அனுப்பியவனைப் பிடிப்பதே வீரம்.

இவற்றுக்கு மேலாக, நலவாழ்வு மாநிலத்தின் உரிமை என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். தன் மக்களைப் பிணிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திடுமுன் மாநிலங்களைக் கேட்டாக வேண்டும் என்னும் முறையைத் தில்லியிடம் வற்புறுத்திப் பெறவேண்டும். தன்மொழியில் சட்டமும், தன்மண்ணில் முடிவும் இல்லாத மக்களுக்கு, வெறிவிலக்கும் வெளியாரின் வேட்டையாகவே தோன்றும்.

தமிழர்களே! குடியும் வெறியும் தமிழினத்தைத் தின்னும் நோய்கள். அவற்றை வேரறுக்க வேண்டும் என்பதில் உங்கள் உறுதி தளரவேண்டா. ஆனால், வேர் எது என்பதை அறிந்து வெட்டுங்கள். தண்டையார்பேட்டைச் சந்தில் ஊசியோடு கிடக்கும் இளைஞன் வேரல்லன். அவன் உதிர்ந்த இலை. வேர், அவனை வாட்டும் வேலையின்மையிலும், அவன் தந்தையை வதைக்கும் ஒப்பந்தக் கூலியிலும், அவன் வலியை விலையாக்கும் வாணிகத்திலும், அவன் நோயைக் குற்றமாக்கிய சட்டத்திலும் ஓடிக்கிடக்கிறது. இலையைச் சிறையில் அடைப்பதை விடுத்து வேரைத் தோண்டத் தொடங்குக!